ஆச்சியின் பேரேடு

வயது முதிர்ந்து காலமான பெண்மணிகளைப் பற்றி நம் தினசரிகளில் வெளிவரும் அஞ்சலி அறிவிப்புகளைச் சிறிது காலம் தொடர்ந்து வாசித்து வருகிறவர்களுக்கு, அவற்றின் வாசகம் ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் அதிகம் மாறுவதில்லை என்பது புலப்படும். இன்னாருடைய தர்மபத்தினி, இன்னின்னாருடைய தாயார், இத்தனை பேரன் பேத்திகளையும் கொள்ளுப் பேரர்களையும் கண்டவர், இன்ன தேதியில் இறைவனடி சேர்ந்தார், இன்ன இடத்தில் கிரியைகள் நடைபெறும் என்பதோடு அறிவிப்பு முடிந்துவிடுகிறது. மறைந்தவர் ஆண்மகனாக இருப்பின், அவர் வகித்த உத்தியோகம், நடத்திய வியாபாரம், செய்த திருப்பணி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஒரு வரியாவது இடம் கிடைக்கும். பெண்ணாக இருந்தாலோ, எண்பது தொண்ணூறு வருஷம் நீடித்த ஒரு ஜீவிதத்தில் அவர் தம் அறிவாலும் கையாலும் செய்து முடித்த காரியம் இன்னது என்பதற்கு ஒரு சொல்லும் இராது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரை இதன் பொருட்டுக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களுடைய அன்பில் கலப்படமில்லை. அவ்வளவு அன்பு இருக்கும் இடத்திலேயே இவ்வளவு பெரிய மௌனமும் குடியிருக்கிறதே என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

இந்த எண்ணம் எனக்குப் பலமாக ஏற்படுவது ஆத்தங்குடிக்குப் போகும் சமயங்களில். என் தகப்பனாரின் ஊர் அது. காரைக்குடிச் சீமையைச் சுற்றிப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அவ்வூருக்கு வராமல் திரும்புவது அபூர்வம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அதன் கட்டங்களில் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, நீரில் ஊறவைத்து உலர்த்தும் ஆத்தங்குடிக் கல்லின் தொழிலைப் பட்டறைகளில் நின்று பார்க்கிறார்கள்; பிறகு லட்சுமி வீடு என்னும் மாளிகைக்குள் நுழைந்து, பர்மாத் தேக்கையும் சீமைக் கண்ணாடிகளையும் சித்திர விதானத்தையும் அண்ணாந்து நோக்குகிறார்கள். செட்டிநாட்டு வணிகர் ஊர்கள் 2014-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இந்தக் கூட்டம் மேலும் பெருகியிருக்கிறது. வீடு யார் கட்டியது, எந்தத் தேசத்தில் சம்பாதித்த பொருளைக் கொண்டு கட்டியது என்று அவர்கள் கேட்கிறார்கள். உடன் வருகிறவர் விடை சொல்கிறார். கட்டிய பிறகு அந்த வீட்டை நடத்தியவர் யார் என்ற கேள்வியை எவரேனும் கேட்டு நான் செவியுற்றதில்லை.

நடத்தியவர்கள் ஆச்சிமார்கள் என்று அழைக்கப்பட்ட அவ்வீட்டுப் பெண்மணிகள். நாட்டுக்கோட்டை நகரத்தார் குலத்து ஆடவர்கள், தங்கள் பாஷையில் ‘கொண்டு விற்கப்’ போனார்கள் என்று சொல்லப்படும் அக்காலத்தில், இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் கப்பலேறியவர்கள், ஒரு கணக்கு என்று வழங்கிய 3 வருஷ காலம் முடிந்தாலன்றி ஊர் திரும்புவதில்லை. திரும்பிச் சில மாதங்கள் தங்கி, மறு கணக்குக்குப் புறப்பட்டு விடுவார்கள். பெண்டுகளை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் வெகுகாலம் வரையில் இல்லை. ஆகவே, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் பின்கட்டுமாக ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரையில் நீண்டு கிடந்த அந்த மாளிகைகளில், ஓர் ஆண்டில் பெரும்பகுதி ஆண்குரல் என்பது முதியவர்களுடையதும் சிறுவர்களுடையதும் கணக்குப்பிள்ளைமாருடையதுமாகவே இருந்திருக்க வேண்டும். நிலத்துக் குத்தகை, களஞ்சியம், கோயில் வரி, பிள்ளைகளின் படிப்பு, பெண் கொடுத்தல், பெண் எடுத்தல், நோய், மரணம் ஆகிய சகலமும், கடல் கடந்து போன கடுதாசிக்குப் பதில் வரும்வரை காத்திராமல், வீட்டிலிருந்த பெண்ணின் தீர்மானத்தினாலேயே நடந்தேறின.

அந்தத் தீர்மான சக்தி ஆச்சிக்கு வயதான பிறகு வந்து வாய்த்ததன்று. கல்யாணமான தம்பதிகளை விரைவிலேயே ‘வேறு வைப்பது’ இக்குலத்தின் சம்பிரதாயம். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, அவன் மனைவிக்குத் தனி அடுப்பு; வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று பெரியவர்கள் அளந்து கொடுப்பதைக் கொண்டு அவள் தன் குடும்பத்தை நடத்தியாக வேண்டும். மிஞ்சினால் அவள் சாமர்த்தியம். குறைந்தால் மாமியாரிடம் போய் நிற்க வேண்டும். பாவாடை கட்டும் பிராயத்தைக் கடந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண், புகுந்த வீட்டில் முதலில் கற்றுக்கொண்ட பாடம் வரவும் செலவும் ஆகும் என்பதை நினைத்துப் பார்க்குங்கால், ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளிலிருந்த வட்டிக் கடைகளில் பையன்கள் பெற்ற பயிற்சிக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

தவிரவும், அந்தக் கடைகளின் மூலதனத்திலேயே பெண்களுடைய பங்கு இருந்தது. சீதனமாக வந்த தொகை தனிக் கணக்காக எழுதப்பட்டு வட்டிக்கு இடப்பட்டது. ஆச்சிமார் பணம் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. பர்மாவில் செட்டியார்கள் லேவாதேவியில் ஈடுபடுத்தியிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்நாட்டு பாங்கி விசாரணைக் குழு 1930-ஐ ஒட்டி மதிப்பிட்டது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த குடியானவனுக்குக் கடனாகப் போய்ச் சேர்ந்த அந்தப் பெருந்தொகைக்குள், ஆத்தங்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்த பெண்களின் சீதனமும் கலந்திருந்தது என்ற செய்தியைச் சரித்திர நூல்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. வட்டி எப்படி ஏறுகிறது, எந்தக் கடை ஸ்திரமாக இருக்கிறது என்று அந்தப் பெண்கள் வளவில் கூடிப் பேசிக்கொண்டதை எழுதி வைத்தவர் யாருமில்லை.

என் அப்பத்தா இவ்விதமான ஆச்சிமாருள் ஒருவர். ஊராருக்கு ஆச்சி, எங்களுக்கு அப்பத்தா. பக்கத்து ஊரில் பிறந்து, இளம் வயதிலேயே ஆத்தங்குடிக்கு வாழவந்து, அவ்வீட்டின் நிலைப்படியை அதன் பின்பு நீண்ட நாள் விட்டுப் பிரிந்தறியாதவர். கண்டாங்கிச் சேலையும் வெற்றிலைச் செல்லமுமாக, பட்டாலைத் தூணை ஒட்டியிருந்த தம் இடத்தில் அவர் அமர்ந்திருப்பார். யார் வந்தாலும் முதலில் சாப்பாடாயிற்றா என்று விசாரிப்பார். அதன் பிறகே வந்த காரியத்தைப் பேச அனுமதிப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் சொல்லி முடித்தபின் மறுத்துப் பேசியவர்களையும் கண்டதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சில காலமே படித்தவர் என்றாலும், கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்ற கீழ்வாய் எண்களெல்லாம் அவருக்கு நாவில் நின்றன. கல்லூரியில் கணிதம் படித்த என் தமையனார் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வட்டித் தொகையை அவர் சொல்லிவிடுவார்.

அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இரண்டாங்கட்டு அறையிலிருந்த தகரப் பெட்டியில் கிடந்தன. அவர் மறைந்து வெகுநாள் கழித்தே நான் அவற்றைப் பொறுமையாகப் படித்தேன். களஞ்சியத்திலிருந்து எடுத்த நெல் எத்தனை கலம், அதைக் குத்தியதில் வந்த அரிசி எத்தனை மரக்கால், தவிடு யார் வீட்டு மாட்டுக்குப் போயிற்று. வருஷத்துக்கு வாங்கிய புளியும் மிளகாயும் கருப்பட்டியும் விறகும் என்ன விலை. வண்ணாருக்கும் நாவிதருக்கும் பண்ணையாளுக்கும் அளந்த படி எவ்வளவு. எந்தக் கல்யாணத்துக்கு யார் செய்த மொய் என்ன, அதைத் திருப்பிச் செய்தாயிற்றா என்று ஒரு குடும்பத்தின் முழு நிர்வாகமும் அவற்றில் பதிவாகியிருந்தது. கல்யாணங்களில் வேவு என்னும் சீர் இறக்கிய நாளும் சீதனச் சாமான் பரப்பிய நாளும், பரப்பிய சாமான்களின் ஜாபிதாவும் அங்கே இருந்தன. பேரப் பிள்ளைகளின் ஜனன நேரம், அம்மை போட்ட தேதி, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற குறிப்புகளும் வரவு செலவுக்கு நடுவே வந்தன. தம்மைப் பற்றி ஒரு வரியும் அவர் அவற்றில் எழுதவில்லை. ஆயினும், மருந்துக் குறிப்பு வந்த ஒரு வாரத்தில் நெல் கணக்கு எழுதாமல் விட்டிருப்பதையும், அதற்கடுத்த வாரத்தில் அந்தக் கணக்கை மொத்தமாகச் சேர்த்து எழுதியிருப்பதையும் பார்க்கிறபோது, அந்த நாட்களை அவர் எவ்விதம் கழித்திருப்பார் என்று அவருடைய பேரப்பிள்ளையால் ஊகிக்க முடிகிறது.

1941-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். மறு வருஷம் மார்ச்சில் அந்நகரம் அவர்கள் வசமாயிற்று. அங்கிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் புறப்பட்டு, இடம் கிடைத்தவர்கள் கப்பலிலும் கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைப்பாதைகளில் கால்நடையாகவும் தாய்நாடு திரும்பியதும், வழியில் பலர் மாண்டதும் சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. செட்டிநாட்டு வளவுகளில் அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பது எழுதப்படவில்லை. கடுதாசி நின்றது, பணம் வருவதும் நின்றது. கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்திருந்த நிலங்களோ கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரமடைந்தபின் 1948-இல் வந்த நிலச் சட்டம் அவற்றைத் திரும்பப் பெறும் நம்பிக்கையையும் போக்கிற்று. திரும்பி வந்த ஆடவர்களில் பலர், தங்கள் தொழிலும் அதைச் செய்த தேசமும் ஒருங்கே கைவிட்டுப் போன நிலையில், முகப்புத் திண்ணையில் பேச்சற்று உட்கார்ந்துவிட்டார்கள் என்று என் அப்பத்தா சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏளனம் இராது. அவர்களை உட்கார விட வேண்டிய காலம் அது என்பார்.

அடுப்பெரிய வேண்டுமல்லவா? அந்தக் காலத்து நோட்டுகளில் கையெழுத்துச் சிறிதாகிறது, காகிதத்தைக்கூடச் சிக்கனப்படுத்தியிருக்கிறார். நெய் குறைந்து நல்லெண்ணெய் வருகிறது. பிறகு அதுவும் குறைகிறது. வெள்ளிச் சாமான்கள் ஒவ்வொன்றாக நிறை போட்டு விற்கப்பட்டன. எதை விற்றது, என்ன விலைக்கு, அந்தப் பணம் எந்தச் செலவுக்குப் போயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் வரி உண்டு. கழுத்திரு என்னும் தாலி நகை மாத்திரம் விற்கப்படவில்லை. விற்ற பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் முதலில் கட்டப்பட்டிருக்கிறது. கோயில் வரி அடுத்து. வீட்டுச் செலவு அதற்கும் பின்னால். அந்த வரிசையை அவருக்கு யாரும் விதித்ததில்லை. லேவாதேவியை நம்பியிருந்த ஒரு குடும்பம் ஒரு தலைமுறைக்குள் படிப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பமாக மாறியது அந்த வரிசையினால்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவருடைய படம் சுவரில் தொங்குகிறது. அந்தப் பட்டத்துக்குரிய பணத்தை ஒதுக்கி வைத்த பக்கம் பெட்டிக்குள் கிடந்தது.

இது எங்கள் வீட்டின் கதை மாத்திரமன்று. பர்மாவோடு போக்குவரத்து வைத்திருந்த செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1942 ஒரு பிளவு. அந்தப் பிளவின் மறுகரைக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. அவர்கள் தொடங்கிய கம்பெனிகளும் கலாசாலைகளும் இருக்கின்றன. பெண்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் நினைவெல்லாம், பாசம் மிகுந்தவர், கை மணம் உள்ளவர் என்ற இரண்டே புகழ்மொழிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

கை மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செட்டிநாட்டுச் சமையல் என்ற பெயர்ப்பலகை இன்று தேசாந்திரங்களிலெல்லாம் தொங்குகிறது. அதன் காரத்தைப் புகழாதவர் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் கந்தரப்பமும் மணகோலமும் தேன்குழலும் சீப்புச்சீடையும் அதிரசமும் எந்த நாளில் தொடங்கி எந்த வரிசையில் போட வேண்டும், எது எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு மாவுக்கு எத்தனை ஆள், சம்பந்தி வீட்டுக்குப் போகிற கொட்டானில் எது எத்தனை என்பதைத் தீர்மானித்து, ஒன்றும் மிஞ்சாமலும் ஒன்றும் குறையாமலும் முடித்த பெண்மணி, வெறும் ருசியை மட்டும் அறிந்தவராக இருந்திருக்க முடியாது. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைத் தம் அடுப்புக்கு இணக்கி, விசேஷ நாளின் இனிப்பாகவே அதை ஸ்தாபித்துவிட்டவர்கள் அவர்கள். அவர்களைச் சமையற்காரர்களாக மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது, மந்திரியை அவர் அணிந்திருந்த தலைப்பாகைக்காக ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

மூதாட்டிகளை நினைவு கூர்வதில் இக்குலம் மற்றெவருக்கும் பின்தங்கியதன்று என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பிறக்கும் பெண்ணுக்கு அப்பத்தாளின் பெயர், அடுத்தவளுக்கு ஆயாளின் பெயர் என்ற ஒழுங்கு இன்றும் பல வீடுகளில் நிலவுகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் தாயார் கோட்டையூர் உமையாள் ஆச்சி. அழகப்பரின் ஒரே புதல்வியார் உமையாள் இராமநாதன். அந்தப் பெயர் காரைக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியின் வாசலிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாமியாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த மருமகள், தன் மகளுக்கே அந்தப் பெயர் இட்டிருந்தபடியால், அவளை வேறொரு செல்லப்பெயரால் அழைத்துக்கொண்டு காலம் தள்ளியதும் உண்டு. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சியின் பெயரால் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. சென்னை அண்ணா சாலையில் ராணி சீதை மன்றம் இருக்கிறது. பெயர்களைக் காப்பாற்றியவர்கள் நாம்.

அதைவிட ஆழமானது படைப்பு என்னும் வழிபாடு. பங்காளிகள் ஒன்றுகூடி, குடும்பத்தில் மறைந்த முன்னோருக்கு, அவர்களுள் பெண்களுக்கும்கூட, புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, சமைத்தவற்றைப் படைத்து வணங்குகிறார்கள். அந்தச் சேலையைப் பேழையில் வைத்து அடுத்த படைப்புவரை போற்றும் வீடுகள் பல. எந்த மூதாட்டிக்கு எந்த நிறம் பிரியம், எந்தப் பலகாரம் பிரியம் என்பது தலைமுறைகள் கடந்தும் மறக்கப்படுவதில்லை. அவளுடைய பிரியங்களை இவ்வளவு சிரத்தையோடு பாதுகாக்கத் தெரிந்த ஒரு சமூகத்துக்கு, அவளுடைய காரியங்களையும் பாதுகாப்பது அசாத்தியமாக இருக்க முடியாது.

காரியங்கள் என்றால் இனியவை மட்டுமல்ல. ஆச்சியின் ஆட்சியில் கடுமை இருந்தது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தவர், அதைக் கடைசிவரை மருமகளுக்குக் காட்டாமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. சிறு வயதில் தாலி இழந்த பெண்ணை அறைக்குள் ஒதுக்கி வைப்பதில், தாமே பெண்ணாக இருந்தும் மூதாட்டிகள் தயை காட்டவில்லை. விதவைக்குக் கணவன் சொத்தில் ஒரு பங்கை 1937-ஆம் வருஷச் சட்டம் அளித்தது. அதையும் அவள் ஆயுள் வரையில் அனுபவிக்கலாமே தவிர விற்கவோ எழுதி வைக்கவோ பூரண உரிமை இல்லை. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிறகுதான் பெண்ணின் சொத்து பெண்ணுடையதாயிற்று. அதற்கு முற்பட்ட நாட்களில், பிள்ளையில்லாத வீட்டின் விளக்கு அணையாமல் இருக்கச் சுவீகாரம் ஒன்றே வழி. 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த கவியரசு கண்ணதாசன், சிகப்பி ஆச்சி என்ற அம்மையாருக்குச் சுவீகாரம் போய், அவருடைய ஆதரவில் பள்ளிக்குச் சென்றவர் என்பது பலரும் அறிந்தது. கவிஞரின் வாழ்க்கையை எழுதியவர்கள் அந்தச் சுவீகாரத்தை ஒரு சம்பவமாகக் குறிப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளையைத் தேர்ந்து, பேசி, பணம் கொடுத்து, தன் பிள்ளையாக வளர்த்த அந்த அம்மையாரின் பக்கத்திலிருந்து அதே சம்பவத்தை நோக்கினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கையில், எழுதப்படாத ஒரு முழு வாழ்க்கை அங்கே தென்படுகிறது.

இன்னொரு சாராரையும் இங்கே நினைக்க வேண்டும். ஆச்சி தனியாக ஒரு வீட்டை நடத்திவிடவில்லை. நெல் குத்தியவர்கள், மாவு இடித்தவர்கள், வளவைப் பெருக்கித் துடைத்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் சுமந்தவர்கள் இருந்தார்கள்; இன்று நாம் வியக்கும் அந்தத் தளங்களைப் பதித்தவர்களும் அவர்களுடைய பெண்டுகளும் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டிமாருக்குச் சுவரில் படம் இல்லை. பேழையில் சேலை இல்லை. என் அப்பத்தாவின் நோட்டுகளில் படி அளந்த கணக்காக அவர்களுடைய பெயர்கள் வருகின்றன. பல குடும்பங்களுக்கு அவர்களுடைய மூதாட்டி உயிரோடிருந்ததற்கான எழுத்துச் சாட்சி அந்த ஒரு வரியாகவே இருக்கக்கூடும். ஒரு பெரிய வீட்டின் பழைய கணக்கைப் பாதுகாப்பது அந்த வீட்டாருக்காக மட்டும் செய்கிற காரியமன்று என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் அறியேன்.

குடும்பத்துக் காகிதங்களைக் கொண்டு ஒரு மூதாட்டியை மீட்டெடுத்த உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மாதர் இயக்கத்திலும் தொழிலாளர் இயக்கத்திலும் உழைத்த மைதிலி சிவராமன், தம் தாய்வழிப் பாட்டியார் சுப்புலட்சுமியைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2006-இல் வெளிவந்தது. 1897-இல் பிறந்து, 11 வயதில் மணமாகி, 14 வயதில் தாயாகி, உப்பு இலாகா உத்தியோகஸ்தரான கணவரோடு ஆளற்ற இடங்களில் காலம் கழித்த அந்த அம்மையாரை, வீட்டில் நோயாளியாக மட்டுமே அறிந்திருந்தார்கள். அவர் மறைந்த பின்பு கிடைத்த நாட்குறிப்புகளும் துண்டுக் காகிதங்களும், எவ்வளவு படித்தவர், தேசத்தின் விடுதலையைக் குறித்தும் பெண்களின் நிலையைக் குறித்தும் எவ்வளவு சிந்தித்தவர் என்பதைப் பேத்திக்குத் தெரிவித்தன. கிடைத்தவை முழுமையாக இல்லை என்பதை மறைக்காமல், இல்லாத இடங்களைக் கற்பனையால் நிரப்பாமல், அந்தத் துண்டுகளைத் துண்டுகளாகவே வாசகர்முன் வைத்தார் மைதிலி. பாட்டியை நேசிப்பதற்கு அதைவிடக் கண்ணியமான முறை எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் இப்பொழுது நடப்பது வேறு. வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பங்கு பிரிக்க முடியாத வீடுகள் பூட்டிக் கிடந்து, ஒருநாள் இடிக்கப்படுகின்றன. நிலையும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அங்கே அடுக்கடுக்காக நிற்கும் மங்குச் சாமான்களையும் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களையும் திருப்பிப் பார்த்தால், விளிம்பில் விலாசமும் பெயரும் வெட்டியிருக்கும். என்றோ ஒரு நாள் ஒரு கல்யாணக் கொட்டகையில் பரப்பி, ஊர் முழுவதும் வந்து பார்த்துச் சென்ற சீர்வரிசை அது. பெயருக்குரியவள் அன்றைய மணப்பெண். தேக்குக்கு விலை இருக்கிறது, மங்குக்கு விலை இருக்கிறது, உடைந்த ஆத்தங்குடிக் கல்லுக்குக்கூட இன்று விலை இருக்கிறது. அதே வீட்டுப் பெட்டியில் கிடந்த நோட்டுப் புத்தகங்களும் கடுதாசிகளும் முறைச் சிட்டைகளும் பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன, அல்லது சுத்தம் செய்ய வந்தவர்கள் மூட்டிய தீயில் போகின்றன.

காகிதத்தின் மதிப்பை அறிந்த ஒருவர் இதே செட்டிநாட்டில் வாழ்ந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், பிறர் வேண்டாமென்று எறிந்த நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபோது அந்தச் சேகரம் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளாகியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழ் அச்சின் சரித்திரத்தை எழுத முற்படுகிற எவரும் இன்று அந்த வாசலை மிதித்தாக வேண்டும். ஒரு தனி மனிதர் அச்சுக்கு இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் பரவியிருக்கும் ஒரு சமூகம், தன் பெண்களின் கையெழுத்துக்கு அதில் ஒரு பங்காவது செய்யலாகாதா?

செலவு அதிகமில்லை. நோட்டுகளை வெளியில் கொடுக்க மனமில்லாதவர்கள் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். வீட்டு விஷயம் வெளியே போகிறதே என்று கூசுகிறவர்கள், இத்தனை வருஷம் கழித்தே திறக்கலாம் என்று நிபந்தனை விதிக்கலாம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் சுற்றிலும் மகளிர் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே வரலாறு படிக்கும் மாணவிகள் ஆளுக்கொரு மூதாட்டியைச் சந்தித்து அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே பதிவு செய்யலாம். பெரிய வீட்டு ஆச்சியை ஒருத்தி சந்தித்தால், கல் பட்டறையிலும் வயலிலும் உழைத்த பாட்டியை இன்னொருத்தி சந்திக்கட்டும். அஞ்சலி அறிவிப்பு எழுதுகிறவர்கள், உறவுமுறைகளுக்கு முன்னால், அவர் செய்த காரியம் இன்னது என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கலாம். படைப்பு நாளில், சேலையைப் பேழையிலிருந்து எடுக்கும் வேளையில், அந்த மூதாட்டியின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தைப் பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் செய்தால், வழிபாட்டுக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடாது.

கேட்கிற கேள்விகளும் மாற வேண்டும். குழம்புக்கு என்ன அரைப்பீர்கள் என்று கேட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். கடுதாசி நின்றுபோன வருஷத்தில் நெல்லுக்கு என்ன செய்தீர்கள், முதலில் எதை விற்றீர்கள், எதை விற்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டீர்கள், யாரை நம்பினீர்கள், யாரிடம் ஏமாந்தீர்கள், உங்கள் சீதனப் பணம் எங்கே போயிற்று, எந்தப் பெண்ணைப் படிக்க வைத்தீர்கள், எந்தப் பெண்ணைப் படிக்க வைக்க முடியாமல் போயிற்று என்று கேட்டால், அவர்கள் சொல்வார்கள். என் அப்பத்தா யாரும் கேட்காமலேயே சிலவற்றைச் சொல்லியிருக்கிறார். கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவோ சொல்லியிருப்பார்.

1942-இல் 15 வயது நிரம்பியிருந்த ஒரு பெண்ணுக்கு இன்று நூறு வயது நெருங்குகிறது. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் சிலரே. அவர்களுடைய புதல்விகளும் மருமகள்களும் எண்பதை ஒட்டியிருக்கிறார்கள். தாயாரும் மாமியாரும் சொல்லக் கேட்டவை அவர்களுக்கு ஞாபகமிருக்கின்றன. பெரிய கார்த்திகை கழிந்து 21 நாள் எண்ணி, பிள்ளையார் நோன்புக்காகப் பூட்டிய வீடுகளைத் திறக்க ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். வீட்டில் மூத்தவர் கையால் இழை வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாளே கார் ஏறிவிடாமல் ஒரு பகல் அதிகம் தங்கி, இரண்டாங்கட்டு அறைகளில் இருக்கும் பெட்டிகளைத் திறந்து, எழுத்துள்ள காகிதம் எதுவாயினும் அதை எடைக்குப் போடாமல் தனியே எடுத்து வைக்கும்படி, இதை வாசிக்கிற ஒவ்வொரு பேரனையும் பேத்தியையும் கேட்டுக்கொள்கிறேன்.